ஓடுற வைக்கோல் மிஷின்ல கைவிட்டு அடைப்பு எடுக்கிறான், எப்படி நிறுத்துறது?

நீடாமங்கலத்துக்காரன்:
வணக்கம். எங்க அண்ணன் மகன், 22 வயசு, டிராக்டர்ல வைக்கோல் கட்டுற மிஷின் மாட்டி ஓட்டுறான். உருளைக் கட்டு போடுற மிஷின். இப்போ சம்பா அறுப்பு முடிஞ்சு நல்ல வேலை ஓடுது. ஓட்டுறதுல அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஈர வைக்கோல் மிஷின் வாயில சிக்கிச்சுன்னா, இறங்கிப் போயி மிஷின் ஓடும்போதே கையால பிடுங்குறான். "ஆஃப் பண்ணிட்டு எடுடா"ன்னா, "சித்தப்பா, ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணா சாயங்காலம் கட்டு எண்ணிக்கை அடிபடும். பக்கத்து வயக்காரர் வேற மிஷினைக் கூப்பிட்டுடுவாரு"ங்கிறான். பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு இதே வேலையில கை போச்சு. அதையும் சொன்னேன். "அவரு குடிச்சிருந்தாரு"ன்னு முடிச்சிட்டான்.

பிடிஓ ஷாப்ட் (டிராக்டர் இஞ்சின் சக்தியை மிஷினுக்குக் கொண்டுபோற சுத்துற தண்டு) மேல இருந்த பிளாஸ்டிக் கவரையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டான். திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போச்சு. வேற என்ன செய்யலாம்? எங்கயாவது பயிற்சி குடுக்கிறாங்களா?

மன்னை டிராக்டர்:
அண்ணே, நானும் மன்னார்குடி பக்கம் மிஷின் வச்சு ஆள் போட்டு ஓட்டுறவன்தான். பயம் காட்டுறதை விட்டுடுங்க, அந்த வயசுல ஏறாது. அவன் சொன்ன பதிலை நல்லாக் கேளுங்க, விஷயம் அதுலயே இருக்கு. கட்டுக்கு இவ்வளவுன்னு கூலி பேசினா, மிஷின் நிக்கிற நேரமெல்லாம் அவனுக்கு நட்டம். நெல் அறுக்கிற மிஷின்ல மணிக் கணக்கு, அங்க நட்டம் வயக்காரருக்கு. அவரு வரப்புல நின்னு வாட்சைப் பாத்துப் பாத்து "ஏன்யா நிக்குது"ம்பாரு. எந்தக் கணக்கா இருந்தாலும் கைய உள்ள விடுறது டிரைவர்.

அதனால நான் கூலியை மாத்தினேன். நாள் சம்பளம் தனி, கட்டுக்குச் சின்னத் தொகை தனி. வயக்காரர்கிட்ட வேலை பேசும்போதே "அடைப்பு எடுக்க நிறுத்துவோம், அவசரப்படுத்தக் கூடாது"ன்னு சொல்லிடுவேன். முகம் சுளிக்கிறவங்க உண்டு. வேற மிஷினுக்குப் போறாங்கன்னா போகட்டும். மிஷின் உங்க அண்ணனோடதா, வேற ஆளோடதான்னு நீங்க எழுதல. முதல்ல பேச வேண்டியது முதலாளிகிட்ட.

குடிச்சிருந்தாருன்னு சொன்னான்ல, அவனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்க. பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து. செகண்டுக்கு 9. ரோலர் வைக்கோலை இழுக்கும்போது பிடியை விடணும்னு மூளைக்குத் தோணுறதுக்குள்ள கை உள்ள போயிருக்கும். நிதானத்துல இருக்கிறவன் கையும் அப்படித்தான் போகும்.

இறங்குறதுக்கு முன்னாடி பிடிஓவை விலக்கி, இஞ்சினை அணைச்சு, சாவியை உருவிச் சட்டைப் பையில போடச் சொல்லுங்க. மிஷின் சுத்தி ஓயுற வரைக்கும் கிட்டப் போகக் கூடாது. சாவியை ஏன் உருவச் சொல்றேன்னா, கூட வந்த பொடியன் ஒருத்தன் "நான் ஸ்டார்ட் பண்றேண்ணே"ன்னு ஏறி உக்காருவான். எல்லா மிஷினுக்கும் அப்படி ஒருத்தன் இருப்பான்.

கவர் விஷயம். அதை யாரும் திமிர்ல கழட்டுறதில்ல. உள்ள ஷாப்ட் மூட்டுல கிரீஸ் ஏத்துற முனை இருக்கு, கிராஸ் நிப்பிள்னு சொல்வோம். அதுக்கு கிரீஸ் கன் எட்டாது, எரிச்சல்ல கழட்டுவாங்க, திரும்ப மாட்ட மாட்டாங்க. நீள ஓஸ் உள்ள கிரீஸ் கன் ஒண்ணு வாங்கிக் குடுங்க. கவரோட வர்ற சின்னச் சங்கிலியையும் மாட்டணும். அது இல்லன்னா கவரே ஷாப்டோட சேந்து சுத்தும், போட்டும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, தை மாசப் பனி. காலையில வைக்கோல் நனைஞ்சு கிடக்கும்போது இறங்குனா அடைக்கத்தான் செய்யும். வெயில் ஏறி உலர்ந்ததும் ஓட்டச் சொல்லுங்க.

பாபநாசம் அக்கா:
டிரைவரைப் பத்தியே பேசுறீங்க. மூலையில மிஷின் திரும்ப முடியாத இடத்துல வைக்கோலை வாரிட்டு வந்து வாயில திணிக்கிறது யாரு? பொம்பளைங்கதான். புடவை மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிறாங்க, அது நல்லதுதான். ஆனா தலையில கட்டுன துண்டோட நுனி தொங்குது, முந்தானை சட்டைக்குக் கீழ வழியுது. டிராக்டரைச் சுத்திப் போக அலுத்துக்கிட்டு சுத்துற ஷாப்டைத் தாண்டிக் குதிக்கிறாங்க. கவர் இல்லாத ஷாப்ட்ல துணி சிக்கினா ஆளையே சுருட்டிடும். வாரின வைக்கோலை மிஷின் போற பாதையில பரப்பி விட்டாப் போதும், அதுவே எடுத்துக்கும்.

நான் நர்ஸ் வேலை பாத்து ஓய்வு பெற்றவ. அடிபட்டா காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீங்க. சுத்தமான துணியை மடிச்சு வச்சு விடாம அழுத்திப் பிடிங்க, 108க்குப் போன் பண்ணுங்க. விரல் துண்டாயிட்டா அதை ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வையுங்க. விரல் நேரா ஐஸ்ல படக் கூடாது, தண்ணியில ஊறவும் கூடாது.

பழைய மிராசு:
எங்க அப்பா வேட்டியோட காலமெல்லாம் களத்துல நின்னாரு. ஒரு கீறல் இல்ல. இப்ப எல்லாத்துக்கும் பாடம்.

மன்னை டிராக்டர்:
ஐயா, உங்க அப்பா நின்ன களத்துல கட்டடிச்சு, மாடு விட்டுப் போரடிச்சாங்க. மாடு செகண்டுக்கு 9 சுத்து சுத்தாது.

பயிற்சி கேட்டிருந்தீங்க அண்ணே. உங்க ஊர்லயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நேர்ல போய்க் கேளுங்க. வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்லயும் விசாரிங்க. நாலஞ்சு டிரைவர்களாச் சேந்து போனா மரியாதையாப் பேசுவாங்க. பையனுக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்துல அட்டை இருக்கான்னும் பாருங்க. விவசாயக் கூலிகளும் அதுல சேரலாம், விபத்துக்கு உதவித்தொகை உண்டு.

கட்டு ஏத்துற லாரியையும் கவனிங்க. உயரமா அடுக்கித் தாழ்ந்த கரண்டு கம்பியில உரசித் தீப்பிடிக்கிறது நம்ம பக்கம் வருஷா வருஷம் நடக்குது. வயல்ல கம்பி தொங்கினா மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல புகார் பதிஞ்சுடுங்க. மூங்கிலால தூக்கிப் பிடிக்கிற வித்தையெல்லாம் வேணாம்.

நீடாமங்கலத்துக்காரன்:
மிஷின் அண்ணனோடதுதான். ராத்திரி பேசினேன். நாள் சம்பளத்துக்கு அவரு சரின்னுட்டாரு. பையன் ஒண்ணும் சொல்லல, ஆனா கவரை இறக்கித் துடைச்சு வச்சிருக்கான். அதுல சங்கிலியைக் காணோம், கயிறு கட்டினா தாங்குமா?

மன்னை டிராக்டர்:
கயிறு வேணாம், அறுந்துடும். ஹார்ட்வேர் கடையில மெல்லிசுச் சங்கிலி கிடைக்கும். ரெண்டு பக்கமும் அசையாத பாகத்துல மாட்டுங்க, வண்டி திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்க. கவர்ல விரிசல் இருந்தா ஒட்டுப் போடாதீங்க, புதுசு வாங்கிடுங்க.