ஞானப்பல் யாருக்கெல்லாம் படுத்தியது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரிசல்மண்:
அக்கா கல்யாணத்தன்று தாடை பூட்டிக்கொண்டது. அப்போது எனக்கு 21 வயது. கீழ் வலது பக்கம் கடைசியில் பல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அதற்கு முன் இரண்டு தடவை வலித்து, நாலைந்து நாளில் தானாக அடங்கியிருந்தது. இந்தத் தடவையும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பந்தியில் உட்கார்ந்தால் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. பெரியம்மா கவனித்துவிட்டார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஸ்பூனால் எனக்கு ஊட்டினார். மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பந்தியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

பல்லின் மேல் மூடி போல ஈறு கிடந்திருக்கிறது. அதன் அடியில் சோறு போய்த் தங்கி, சீழ் வைத்துவிட்டது. போதாததற்கு மேல் பல் அந்த வீங்கிய ஈற்றையே கடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் உள்ளே கழுவிவிட்டு, மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லை எடுத்தார்.

இரவுஷிப்ட்:
எனக்கு வலியே கிடையாது. 26 வயதில் ஒரு நாள் குளிர்ந்த தண்ணீர் குடித்தபோது கடைவாயில் சுரீர் என்றது, அவ்வளவுதான். இரண்டு தாடையும் மொத்தமாகத் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஞானப்பல் ஈறுக்குள்ளேயே படுத்த வாக்கில் கிடந்து, முன்னால் இருக்கிற பல்லின் இடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி. டாக்டர் பேனா முனையை அங்கே வைத்து, “இங்கே பிரஷ் எட்டவே எட்டாது” என்றார். இரண்டு பல்லும் போயின. ஞானப்பல் போனதில் வருத்தமில்லை. மற்றது நான் தினம் இரண்டு வேளை தேய்த்து வைத்திருந்த நல்ல பல். எல்லோரும் 18 வயதிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எடுத்துவிடுங்கள்.

காவிரிக்கரை அம்மா:
தம்பி, உங்களுக்கு நடந்ததைக் கேட்டால் மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் ‘எல்லோரும் எடுத்துவிடுங்கள்’ என்று எழுதாதீர்கள். எனக்கு 19 வயதில் தொடங்கி 24-க்குள் நாலும் நேராக முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் சில நாள் ஈறு வலி, உப்பு வெந்நீர், சரியாகிவிட்டது. இப்போது 53. நாலிலும் மென்று சாப்பிடுகிறேன்.

என் மகளை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வலி ஒன்றுமில்லை, சும்மா காட்டத்தான். “நாலையும் எடுத்துவிடலாம்” என்றார்கள். திரையில் படம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தது. நாலாவது சிலருக்கு உருவாகவே உருவாகாதாம், இதை வேறொரு டாக்டர் பின்னால் சொன்னார். பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்படியே எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே, நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்றுதான் வழிகாட்டுதல் இருக்கிறது.

இரவுஷிப்ட்:
அம்மா, எனக்கும் வெளியே தெரிகிற நோய் எதுவும் இல்லை. படம் எடுத்த பிறகுதானே தெரிந்தது? சரி, ‘எடுத்துவிடுங்கள்’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். ‘எடுத்துப் பாருங்கள்’ என்றதை வாங்க மாட்டேன்.

பொருநை:
என் தம்பிக்கு வீக்கம் கன்னத்தோடு நிற்காமல் தாடைக்கு அடியில் இறங்கிவிட்டது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பார்த்தால், துண்டை வாயில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எச்சிலை முழுங்க முடியவில்லை, துண்டு நனைந்து கனத்துப்போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்து, கழுத்தில் கீறிச் சீழை எடுத்துக் காப்பாற்றினார்கள்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும் படியுங்கள். ஈறு லேசாக வலித்தால் உப்பு வெந்நீரில் கொப்பளித்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். அடங்கவில்லை, அல்லது அடங்கி அடங்கித் திரும்ப வருகிறது என்றால் பல் டாக்டரிடம் போங்கள். வாய் திறக்கவில்லை, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றைக்கே போங்கள். முழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது, நாக்கு மேலே தூக்கிக்கொண்டது போல இருக்கிறது என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுதான். ஆஸ்பிரினை ஈற்றில் வைத்து அடக்காதீர்கள், வெந்துபோகும். கிராம்பு எண்ணெயும் அதிகமானால் அப்படித்தான். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள், தம்பி மூன்று தடவை அதைத்தான் செய்தான். சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு பஞ்சை அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது, அழுத்திக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள். ஸ்ட்ராவும் சிகரெட்டும் சில நாளைக்கு வேண்டவே வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் அங்கே எலும்பை மூடிக் காக்கிறது. அது பெயர்ந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காது வரைக்கும் வலி ஏறும். குறைய வேண்டிய வலி அப்படி ஏறினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மஞ்சள்வெயில்:
எல்லாம் எழுதினீர்கள் அண்ணா, நரம்பை விட்டுவிட்டீர்கள். கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி அதிலிருந்துதான். என் பல்லின் வேர் அதை ஒட்டி இருந்தது. எடுப்பதற்கு முன் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஊசி மரப்பு சாயங்காலம் போய்விடும் என்று காத்திருந்தேன், போகவில்லை. ஒரு வாரம் கழித்து பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே காபி குடித்தேன். அவன் திடீரென்று தன் கைக்குட்டையால் என் மோவாயைத் துடைத்தான். நோட்டில் இரண்டு சொட்டுக் காபி. வழிந்ததே எனக்குத் தெரியவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தாலும் எடுக்கத்தான் சம்மதித்திருப்பேன், ஆனால் தெரிந்து சம்மதித்திருப்பேன்.

ஏழு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. உதட்டின் இடது ஓரத்தில் ஒரு மிளகு அளவு இடம் மட்டும் இன்னும் வரவில்லை.