2019 கேபிள் கட்டண மாற்றம்: பில் ஏறியதற்குக் காரணம் பேக்கா, 130 ரூபாயா?

சேனல்கணக்கு:
2019 பிப்ரவரி 1 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றார்கள். ஆனால் பல வீடுகளில் பில் ஏறியது. உடனே திட்டமே மோசடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. திட்டம் சரியானது, ஆனால் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் நடைமுறைக்கு விட்டார்கள்.

2017 மார்ச்சில் வந்த மூல ஆணைப்படி, பேக்கில், அதாவது ஒரே விலைக்குக் கட்டித் தரும் சேனல் தொகுப்பில் உள்ள சேனல்களின் தனித்தனி விலையைக் கூட்டி, அதில் 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது. ஸ்டார் டிவி நிறுவனம் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் மற்றதெல்லாம் நின்றது, அந்த 15 சதவீதம் மட்டும் விழுந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஸ்டாரின் மேல்முறையீட்டைத் தள்ளியதால், பாதி ஆணை அப்படியே அமலுக்கு வந்தது.

பலன் என்ன? பேக்கில் சேர வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது. எனவே பெரிய சேனல்கள் எல்லாம் போய் 19இலோ அதன் பக்கத்திலோ ஒட்டிக்கொண்டன. அப்போது சன் டிவி 19, கேடிவி 19, விஜய் 17. தனியாக எடுத்தால் கை கடிக்கும் விலை, பேக்கில் எடுத்தால் அடிமாட்டு விலை. யார் தனியாக எடுப்பார்கள்?

ஹெட்எண்ட்:
பேக்கை விடுங்க சார், அந்த 130ஐப் பாருங்க. நீங்க சொன்ன மூணு சேனலையும் தனியாவே எடுத்ததா வச்சுக்குவோம். 55 ரூபா. நெட்வொர்க் கட்டணம் 130. ஆக 185. அதுக்கு 18% ஜிஎஸ்டி 33.30. மொத்தம் 218.30.

இதுல 130க்கும் அதோட வரிக்கும் மட்டும் 153.40 போயிருச்சு. காசு கட்டிப் பார்க்கிற பே சேனல் ஒண்ணையும் தொடாதவரும் அப்ப இதைக் கட்டியே ஆகணும்னு இருந்துச்சு. தமிழ்நாட்டுல 2011ல அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கொடுத்ததைப் பார்த்த ஜனங்ககிட்ட, "உங்க விருப்பப்படி தேர்ந்தெடுங்க"ன்னு சொல்லிட்டு 153ல ஆரம்பிச்சா கோபப்படாம என்ன செய்வாங்க? 15% விதி உயிரோட இருந்திருந்தாலும் இந்தத் தொகை ஒரு பைசா குறைஞ்சிருக்காது.

கம்பிவடம்:
130ஐத் திட்டுறவங்க அது யார் பைக்குப் போச்சுன்னும் பார்க்கணும். தனி ஒப்பந்தம் இல்லேன்னா, ஆபரேட்டர்களுக்கு சிக்னல் கொடுக்கிற பெரிய கேபிள் நிறுவனமான எம்எஸ்ஓ-வுக்கு 55, லோக்கல் ஆபரேட்டருக்கு 45ங்கிற விகிதம். அதாவது வரி போக ஆபரேட்டருக்குக் கிடைச்சது 58.50. ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட், நோடு, மழையில அறுந்த ஃபைபரை ஒட்டுறது, ராத்திரி பத்து மணிக்குப் "படம் வரலை"ன்னு வர்ற போன் எல்லாம் இதுக்குள்ளதான்.

பே சேனல்ல என்ன கிடைக்குது? 19 ரூபா சேனல்ல சேனல் நிறுவனத்துக்கு 15.20. மிச்சம் 3.80ல எம்எஸ்ஓ-வுக்கு 2.09, ஆபரேட்டருக்கு 1.71. ஒரு ரூபா எழுபத்தோரு காசு! இதுக்காக யாராவது வீட்டுக்கு வீடு போய் "உங்களுக்கு எந்தெந்த சேனல் வேணும்"னு ஃபார்ம் நிரப்புவாங்களா? ஒரே பேக்கைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. பேக் ஜெயிச்சதுக்கு தள்ளுபடி மட்டும் காரணம் இல்ல, இந்தக் கூலியும்தான்.

சேனல்கணக்கு:
ஹெட்எண்ட், 130 தனி, பேக் தனி என்று பிரித்துப் பேசுகிறீர்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடப்பவை.

2019இல் அந்த 130க்கு 100 சேனல் இடம். அதில் தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல்களே ஏறத்தாழ கால்வாசியைப் பிடித்துக்கொண்டன. மிச்சம் சுமார் 75. ஒரு ஹெச்டி சேனல் இரண்டு இடமாகக் கணக்கானது. 100ஐத் தாண்டினால் அடுத்த 25 வரைக்கும் 20 ரூபாய். ஒரே ஒரு சேனல் தாண்டினாலும் முழு 20தான்.

அப்போது 90 எஸ்டி (சாதாரணத் தரம்), 10 ஹெச்டி எடுத்த வீட்டைப் பாருங்கள். ரிமோட்டில் எண்ணினால் 100 சேனல். கணக்கில் 110. பில் 153.40இலிருந்து 177க்குத் தாவியது, பே சேனல் விலை தனி. அந்த 110ஐ நிரப்பியது யார்? நாலு சேனலுக்காக வாங்கிய பேக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த, யாரும் பார்க்காத சேனல்கள். பேக்குக்கு ஒரு முறை, அது அடைக்கிற இடத்துக்கு இன்னொரு முறை என்று காசு போகிறது. தள்ளுபடிக்கு வரம்பு இருந்திருந்தால் இந்தக் குப்பை பேக்குகளே உருவாகியிருக்காது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரே சேனலின் எஸ்டியும் ஹெச்டியும் ஒரே பேக்கில் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் எஸ்டி பேக் போட்ட வீட்டில் ஹெச்டியைத் தனியாகச் சேர்த்தால் தடுக்க விதி இல்லை. ஒரே சீரியலுக்கு இரண்டு விலை, மூன்று இடம்.

ஹெட்எண்ட்:
இடக் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா பேப்பர்ல இருந்ததும் களத்துல நடந்ததும் வேற. பிப்ரவரியில தேர்வு செய்யாதவங்களுக்கு அவங்க பார்க்கிற பழக்கத்துக்கு ஏத்த திட்டத்தைப் போட்டு, மார்ச் 31 வரைக்கும் மாத்திக்க அவகாசம் கொடுக்கணும்னு டிராய் சொல்லுச்சு. பெரும்பாலான கேபிள் பெட்டி ஒருவழிப் பெட்டி, சிக்னலை வாங்கும், திருப்பி எதையும் அனுப்பாது. யார் எதைப் பார்க்கிறாங்கன்னு சிக்னல் அனுப்புற ஹெட்எண்டுக்கு எப்படித் தெரியும்? மொழியைப் பார்த்து ஒரு பேக்கை அடிச்சுவிடறது தவிர வழியே இல்ல.

அதுக்கப்புறம் இன்னொரு தலைவலி. சேனலைத் திறக்கிற கட்டளை சிக்னலோடயே திரும்பத் திரும்பச் சுத்தி வரும். அந்த நேரத்துல பெட்டி அணைஞ்சிருந்தா போய்ச் சேராது. ஒரே வாரத்துல எல்லார் சேனலையும் மாத்தினா வரிசை நீண்டு, ஒரு சுத்து முடியவே நேரமாகும். காசு கட்டியும் "சந்தா இல்லை"ன்னு திரையில எழுத்து வந்ததுக்கு முக்காவாசி காரணம் இதுதான். பெட்டியை ஆன்ல வச்சுட்டு, அந்தச் சேனல்லயே நிறுத்தி, ஆபரேட்டரை மறுபடி கட்டளை அனுப்பச் சொன்னா வந்துடும். மெயின் சுவிட்சை அணைச்சுப் போடறது பெரும்பாலும் வீண்.

அந்திநேரம்:
நீங்கள் மூவரும் தமிழ்நாட்டு கேபிளையே சுற்றிவருகிறீர்கள். அதே 2019 மார்ச்சில் ஸ்டார், ஜீ, சோனி, வயாகாம்18 நால்வரும் ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், சோனி பால், ரிஷ்தே சேனல்களை, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற பயம். காலியான இடத்தில் டங்கல் டிவி ஏறி, இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களில் முதலிடத்துக்கே போனது. 2020இல் நால்வரும் திரும்பி வந்தார்கள். இலவசத்தை நிறுத்தினால் ஜனங்கள் சந்தா கட்டுவார்கள் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு எந்தச் சேனலுக்கு என்ன விலை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆபரேட்டர் சொன்னதுதான் தொகை. இப்போது திரையிலேயே விலை போட்டாக வேண்டும். இது சின்ன விஷயமில்லை.

கம்பிவடம்:
விலை தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? 2019 ஆகஸ்ட்ல அரசு கேபிள் 220 பிளஸ் ஜிஎஸ்டியை 130 பிளஸ் ஜிஎஸ்டியா இறக்குச்சு. 259.60லேர்ந்து 153.40. ஜனங்க சேனலைத் தேர்ந்தெடுத்ததால இறங்கலை, கோட்டையில முடிவு எடுத்ததால இறங்குச்சு.

சேனல்கணக்கு:
அது அரசியல் முடிவு, அதை வைத்து ஆணையை எடைபோட முடியாது. டிராய் தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டதே: 2020 ஜனவரி 1 திருத்தத்தில் அதே 130க்கு 200 சேனல், தூர்தர்ஷன் கட்டாயச் சேனல்கள் கணக்கில் வராது, பேக்கில் சேரும் சேனலுக்கு உச்சம் 12 ரூபாய்.

ஹெட்எண்ட்:
அந்த 12 என்னாச்சு? கோர்ட், கேஸுன்னு இழுத்து, 2022 நவம்பர்ல திரும்ப 19க்கே வந்துட்டாங்க. தள்ளுபடி வரம்பு கேட்டீங்களே, அதையும் அப்பவே கொடுத்தாங்க. 15 இல்ல, 45 சதவீதம். தனித்தனியா கூட்டினா 100 ரூபா வர்ற சேனல்களை 55க்குக் கட்டித் தரலாம். இப்ப சொல்லுங்க, தனியா எடுக்கிறவர் எத்தனை பேர்?

சேனல்கணக்கு:
45 என்பது வரம்பே இல்லை என்பதுதான் என் கட்சி. 15ஐ ஒரு மாதம்கூட நடைமுறைப்படுத்திப் பார்க்கவில்லை. அதை வைத்துக்கொண்டு தனித் தேர்வு தோற்றுவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கம்பிவடம்:
நடைமுறைப்படுத்தியிருந்தாலும் என் கேள்விக்குப் பதில் இல்லையே சார். 1.71க்கு அந்த ஃபார்மை யார் நிரப்புறது?