அப்பாவுக்குக் காது மந்தம்: மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை, சத்தமாகப் பேசினால் கோபம்

வைகைக்கரை:
அப்பாவுக்கு 74 வயது. சாதாரணமாகப் பேசினால் "என்ன?" என்கிறார். குரலை உயர்த்தினால் "ஏன் கத்துற?" என்கிறார். அம்மாவோடு தினமும் இதே வாக்குவாதம். பேசும் விதத்தில் எதை மாற்றலாம்?

தாமிரபரணி:
அவர் சொல்வது இரண்டுமே உண்மைதான். வயதாகும்போது பெரும்பாலும் உச்சஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த, க போன்ற மெய்களைப் பிரித்தறிவது அந்த ஒலிகளால்தான். உயிரொலிகளின் பலமோ கீழ்ஸ்தாயியில். அதனால் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. கத்தினால் பெருகுவது உயிரொலிதான், மெய் தெளியாது. உட்காது தேய்ந்தவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் ஏற்றினாலோ குத்தும். போதாததற்குக் கத்துகிற முகம் கோபமுகம். காதில் விழாததை அவர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நிரப்பிக்கொள்கிறார்.

குரலை விடுங்கள், தூரத்தைக் குறையுங்கள். திறந்தவெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். வீட்டுக்குள் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதைவிட ஒரு மீட்டர் பக்கத்தில் நின்று பேசுவது எவ்வளவோ மேல்.

கீழவீதி:
முதலில் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்தபிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும். டிவி, மிக்ஸி ஓடும்போது முக்கியமானதைச் சொல்லவே வேண்டாம். எழுத்தெழுத்தாக இழுத்தாலும் உதட்டசைவு கெடும். வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று நிறுத்தினால் போதும்.

"கரண்ட் பில் பத்தி" என்று விஷயத்தை முதலில் போடுங்கள். பிடிபடவில்லையா, அதே வார்த்தையை மூன்று தடவை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்தால் 'பாடு', 'மாடு' இரண்டும் ஒன்றுதான்.

பெரிய ஆபத்து தலையாட்டல். சங்கடத்தில் "சரி சரி" என்பார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை, "மாத்திரை எத்தனை மணிக்குப்பா?" என்று கேளுங்கள். டாக்டர் தேதி, பணக்கணக்கு எல்லாம் தாளில் பெரிதாக.

வைகைக்கரை:
"விடுங்க, ஒண்ணுமில்ல" என்று அம்மா முடித்துவிடுகிறார். அதுவும் தப்பா?

கீழவீதி:
அதுதான் அவரை அதிகம் சுடும். "அப்புறம் சொல்றேன்" என்றால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

தாமிரபரணி:
ஒருமுறை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். பட்ஸ் போட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப்போனால் அன்றைக்கே போகவேண்டும், தாமதித்தால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.