தோ பாயோ பழைய வீட்டில் வயரிங் வேலை: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீடு 1970களில் கட்டியது. போன ஞாயிறு ரைஸ் குக்கர் பிளக்கைப் பிடுங்கியபோது கை சுட்டது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது, கூடவே லேசாகக் கருகிய வாடை. உடனே அணைத்து, யாரும் தொடாதபடி டேப் ஒட்டிவிட்டேன்.

"ஆர்சிசிபி இருக்கே, அதுவே கட் பண்ணிடும்" என்று மின்கசிவுத் துண்டிப்பானைச் சொல்கிறார் அப்பா. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற விதி வந்ததும் போட்டதுதான். ஆனால் அது மின்கசிவைத்தான் பிடிக்கும். 30 மில்லிஆம்பியர் அளவில் கசிந்தால் துண்டிக்கும். தளர்ந்த திருகில் ஏறும் சூடு அதற்குத் தெரியாது. இதை அவருக்குப் புரியவைக்கத்தான் பாடாக இருக்கிறது.

மெயின் சுவிட்ச் இன்னும் 30 ஆம்ப்தான். அண்ணன் ஏர்கான் போடலாம் என்கிறார். வயரைப் பார்க்காமல் வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

சமையலறை வயரை மட்டும் மாற்றினால் போதுமா, வீடு முழுக்க மாற்றுவதே நல்லதா? மெயினை 40க்கு உயர்த்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எத்தனை நாள் ஆனது? அம்மாவுக்கு முட்டிவலி, வேறு வீட்டில் தங்கவும் மாட்டார். அவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வேலையை முடித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், உரிமம் பெற்ற மின் ஊழியர், அப்பாவிடம் பொறுமையாகத் தமிழில் பேசக்கூடியவர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.