நர்சிங் கல்லூரியின் பி.பி.எல். (நோயாளிக் கதை ஒன்றைத் தாள் தாளாகக் கொடுத்து, மாணவர்களே குழுவாகத் தேடிக் கற்கும் முறை) வகுப்பில் உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு நாள்: ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதுங்கள்

மகப்பேறு டியூட்டர்

ஆறாம் பருவ மாணவியர் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். முதல் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 24 வயதுத் தாய், இரண்டாவது பிரசவம், குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, மாற்றிய பேட் 15 நிமிடத்தில் முழுவதும் நனைந்துவிட்டது, நாடித்துடிப்பு 118. பி.பி.ஹெச். (பிரசவத்துக்குப் பிந்தைய மிகை இரத்தப்போக்கு) என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கருப்பையின் மேல்முனை தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லும் இரண்டாம் தாளைக் கொடுத்த பிறகும், கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், இரத்தப் பிரிவு என்று பட்டியல்தான் நீண்டது. அப்போது, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி, பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதைப் போல, "அவங்க ஒண்ணுக்குப் போனாங்களா?" என்று கேட்டாள்.

குழு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றேன். அவள் தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை வாய் திறக்கவில்லை.

நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளிச் சுருங்கவிடாமல் செய்யும் என்பது இங்கே யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் தாள் வந்த பிறகுதான், ஏறத்தாழ 40 நிமிடம் கழித்து, மற்ற ஒன்பது பேரும் அவள் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று மாலை மதிப்பீட்டுப் படிவத்தில் 'பங்கேற்பு' என்ற கட்டத்தில் அவளுக்கு நான் போட்ட மதிப்பெண் 10க்கு 3. படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது.

ஐ.சி.யூ. இரவுப்பணி

எங்கள் கல்லூரியில் மூன்று வாரம் மட்டும் பி.பி.எல். நடத்திப் பார்த்தார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது டி.கே.ஏ. (நீரிழிவில் இன்சுலின் போதாமல் இரத்தம் அமிலமாகும் நிலை) நோயாளி, இரத்தத்தில் பொட்டாசியம் 5.6. "பொட்டாசியம் ஏற்கெனவே கூடுதலாக இருப்பதால் இந்த நோயாளிக்கு அது தேவையில்லை" என்று நான்தான் நீல மார்க்கரால் பலகையில் எழுதினேன். எங்களை வழிநடத்திய மேடம் அதைப் படித்தார், பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் விடை சொல்லக் கூடாது, மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த அமர்வு இன்ஸ்பெக்‌ஷன் காரணமாக ரத்தாகி, பிறகு நடக்கவே இல்லை.

தொடக்கத்தில் பொட்டாசியத்தை நிறுத்திவைப்பது சரிதான். ஆனால் இன்சுலின் ஓடத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்களுக்குள் நுழைந்து இரத்தத்தில் மளமளவென்று குறையும் என்ற மறுபாதி எனக்குத் தெரியாமலே போயிற்று. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், அதே போன்ற ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரத்தில் 3.1 என்று லேப் முடிவு வந்தபோது, நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. சீனியர் அக்கா அருகில் இருந்ததால் உடனே டாக்டருக்குச் சொல்லப்பட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பொட்டாசியம் குறைந்ததால் மானிட்டரில் தட்டையாகிக்கொண்டிருந்த அந்த டி-அலையைப் பார்த்து நின்றபோது, எனக்கு நினைவுக்கு வந்தது பலகையில் நீல நிறத்தில் இருந்த என் கையெழுத்துதான்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாடநூலிலிருந்து நகலெடுத்த ஒரு நோயாளிக் கதையை மாணவர்களிடம் கொடுத்தேன். தனியாக வாழும் முதியவர், காலையில் ஓட்ஸ் கஞ்சி, துணைக்கு ஒரு நாய். ஒரு மாணவன் எழுந்து, "சார், இவர்கூட ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இனி மேலே எழுதிய இருவருக்கும் சில சொற்கள். இரவுப்பணி சகோதரி ஆசிரியரின் மௌனத்தைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் இம்முறையைத் தொடங்கியபோதும், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 1970களில் அது ஏழு படிகளாக வகுக்கப்பட்டபோதும், ஆசிரியரின் பொறுமைதான் இதற்கு அடித்தளமாக இருந்தது. புரியாத சொற்களைத் தெளிவுபடுத்துதல், பிரச்சினையை வரையறுத்தல், தெரிந்ததையெல்லாம் கொட்டுதல், அவற்றை ஒழுங்குபடுத்துதல், கற்க வேண்டியவற்றைக் குறித்தல், தனியே படித்தல், திரும்பி வந்து குழுவில் பகிர்தல் என்னும் இந்த ஏழில், தவறுகள் திருத்தப்படும் இடம் கடைசிப் படி. அதை ரத்து செய்தவர்களிடம்தான் குற்றம் இருக்கிறது. ஏழாம் படிக்கு நாள் குறிக்காமல் முதல் தாளைக் கொடுக்கவே கூடாது.

டியூட்டர் மேடம் மொழியைப் பற்றி வருந்துகிறார். தேர்வும் கேஸ் ஷீட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்போது, வகுப்பை முழுக்கத் தமிழில் நடத்துவது மாணவர்களுக்கு நன்மை ஆகாது. என் ஆலோசனை இதுதான்: மூன்றாம் படியில் எந்த மொழியிலும் பேசட்டும், ஐந்தாம் படியில் கற்க வேண்டியவற்றை எழுதும்போது ஆங்கிலம் வரட்டும். மெக்மாஸ்டரில் இம்முறையை வளர்த்தவர்களில் ஒருவரான ஹோவர்ட் பாரோஸ், அதற்கு முன்பே 1960களில், நலமான மனிதர்களை நோயாளியாக நடிக்கப் பயிற்றுவித்துக் கற்பித்தவர். நம் வார்டு ஆயாம்மா ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, "தலை சுத்துதும்மா" என்று சொல்லச் சொன்னால், மாணவியர் தமிழில்தானே கேட்க வேண்டியிருக்கும்? குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இருபத்தைந்து பேரை உட்காரவைத்தால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிக் கதையை நம் ஊர் வார்டிலிருந்தே, அடையாளங்களை மாற்றி எடுங்கள். நகலெடுத்த கதைகளைத் தூக்கிப் போடுங்கள்.

இறுதியாண்டு மாணவி

ஐயா, நம் ஊர் வார்டிலிருந்தே எடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கொடுத்தது அப்படி எடுத்ததுதான். 45 வயது விவசாயி, பூச்சிமருந்து விஷம், ஊசிமுனை போலச் சுருங்கிய கண்பாவை, வாயில் நுரை, உடன் வந்தவர் மனைவி. நான் அன்று குழுத் தலைவி. எங்கள் தோழிதான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். 'மனைவி கூறும் தகவல்' என்று எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டின் முனையிலேயே மார்க்கரை ஊன்றியபடி நின்றுவிட்டாள். மை பரவி அந்த இடத்தில் ஒரு கருவட்டம் ஆயிற்று. களைப்பு என்று நினைத்து, "சீக்கிரம் எழுதுடி, டைம் ஆகுது" என்றேன். அவளுடைய சித்தப்பா அப்படித்தான் இறந்தார் என்பதை அன்றிரவு விடுதியில்தான் சொன்னாள். இந்த விஷத்துக்குக் கொடுக்கும் அட்ரோபின் மருந்து பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் அவளுக்கு விடை தெரிந்திருந்தது; வார்டு வாசலில் நின்று அவள் அவற்றைக் கேட்டிருக்கிறாள்.

ஓட்ஸ் கஞ்சி குடிக்கும் முதியவரால் எங்களில் யாருக்கும் அப்படி வலித்திருக்காது. வெளிநாட்டுக் கதையே நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் கதையைக் கொடுப்பவர், தாளை நீட்டுவதற்கு முதல் நாளே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, வேண்டாம் என்பவர் வேறு குழுவுக்கு மாறிக்கொள்ள வழி விட வேண்டும். அந்தத் தோழியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மகப்பேறு டியூட்டர்

ஐயாவின் மூன்றாம் படி, ஐந்தாம் படி யோசனையை அடுத்த குழுவில் செய்துபார்க்கிறேன். ஆனால் நான் வருந்தியது பாடமொழியைப் பற்றி அல்ல, ஐயா. அவள் கேட்டது நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி; அதை நோயாளியிடம் கேட்க வேண்டிய மொழியிலேயே கேட்டாள்.

மதிப்பெண்ணைத் திருத்தக் கடிதம் கொடுத்திருக்கிறேன். குழுவின் முன்னால் நடந்ததைக் குழுவின் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால், அடுத்த அமர்வின் தொடக்கத்தில் அந்த இரண்டாம் தாளையே மறுபடி எடுத்து, அவள் கேள்வியைப் பலகையில் தமிழிலேயே எழுதிவைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

இப்போது அவளுக்கு லேபர் வார்டு போஸ்டிங். நேற்று நான் சுற்றி வந்தபோது, பிரசவமாகி ஒரு மணி நேரமான ஒரு தாயின் கட்டிலருகே நின்றிருந்தாள். வயிற்றில் கை வைப்பதற்கு முன்பு குனிந்து, "அக்கா, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். அந்தத் தாய் இல்லை என்று தலையசைத்தார். அவள் திரும்பிப் பார்க்குமுன் நான் பெட்பேனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.