தளம் போடப் பணம் அனுப்பும் முன் ஒரு கணக்கு

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் வீட்டுக்கு மேல்தளம் போடப்போவதாக மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். மஸ்கட் மாப்பிள்ளை மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "ரூஃப் கான்கிரீட், 960 சதுர அடி" என்று ஒரே வரி, எதிரே ஒரு தொகை. தடிமன் எத்தனை அங்குலம், சிமெண்ட் எத்தனை மூட்டை, கலவை என்ன விகிதம் என்று ஒன்றும் இல்லை. தொகை கூடவா குறைவா என்று கேட்கிறார். மாப்பிள்ளை, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் அளவைக் கேட்டு வாங்குங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் வீடுதான். நான் சிங்கப்பூருக்கு வந்து நாலாவது வருஷம் கட்டியது. அதுவும் 960 சதுர அடிதான். ஐந்து அங்குலத் தளம் என்று பேசித்தான் பணம் கொடுத்தோம். போன வருஷம் சோலார் ஹீட்டருக்குக் குழாய் இறக்க மாடியில் துளை போட்டார்கள். நான் ஊரில் இருந்ததால் துளைக்குள் டேப்பை விட்டுப் பார்த்தேன். நாலு அங்குலம். வெயிலும் மழையும் தாங்க மேலே பூசிய சுருக்கித் தளத்தைச் சேர்க்காமல், வெறும் கான்கிரீட் நாலே அங்குலம். அம்மாவின் அடுப்படிக்கு மேலே பூச்சு பெயர்ந்து விழுந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதிப்போய்த் தெரிந்தது. அந்தக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, வைத்த அடையாளமே இல்லை. கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் ஷீட்டின் மேலேயே கம்பியைப் போட்டுக் கான்கிரீட்டைக் கொட்டியிருக்கிறார்கள். அம்மா நின்று சமைக்கிற இடம் அது. அன்றிலிருந்து தளம் என்றாலே கணக்கு எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 30 அடிக்கு 32 அடி, 960 சதுர அடி. ஐந்து அங்குலம் என்றால் ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்து 960-ஆல் பெருக்க வேண்டும்: 400 கன அடி. தளத்துக்குக் கீழே இறங்கும் பீம்களைத் தனியாகப் போடுங்கள். 9 அங்குல அகலம், தளத்துக்குக் கீழே 10 அங்குலம், எல்லா பீமும் சேர்த்து 96 அடி நீளம் என்றால் 60 கன அடி. பீமின் முழு உயரத்தையும் போட்டால் தளத்தின் ஐந்து அங்குலம் இரண்டு தடவை வந்துவிடும். ஜன்னலுக்கு மேல் நீளும் சன்ஷேடு, கதவு ஜன்னல் மேலே வரும் லிண்டலோடு முன்பே போட்டு முடிந்திருக்கும், அதை இங்கே சேர்க்க வேண்டாம். ஆக 460 கன அடி. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, அப்படியானால் 13 கன மீட்டர்.

இது போட்டு இறுகிய கான்கிரீட்டின் அளவு. சிமெண்டும் மணலும் ஜல்லியும் தனித்தனியாகக் கிடக்கும்போது இடையிலே காற்று நிறைய. கலந்து தண்ணீர் விட்டு, அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் போட்டால் சுருங்கும். அதனால் பொருள் வாங்க 1.54-ஆல் பெருக்குவது வழக்கம். 460-க்கு 708 கன அடி வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 தரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 (எம்-க்குப் பின் வரும் எண் கூடக் கூட வலு கூடும்). கையால் அளந்து போடும் இடத்தில் அதற்குச் சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற விகிதம்தான் நடைமுறை. கூட்டினால் ஐந்தரை பங்கு. 708-ஐ ஐந்தரையால் வகுத்தால் சிமெண்ட் 129 கன அடி, மணல் 193, ஜல்லி 386. ஒரு மூட்டை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு யூனிட் நூறு கன அடி. எனவே 105 மூட்டை சிமெண்ட், இரண்டு யூனிட் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), நாலு யூனிட் முக்கால் அங்குல ஜல்லி. ஒரு மூட்டைக்கு 4.4 கன அடி கான்கிரீட் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், போனிலேயே யாருடைய எஸ்டிமேட்டையும் சரிபார்த்துவிடலாம்.

மேஸ்திரி 82 மூட்டை போதும் என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அது ஒன்று, இரண்டு, நாலு கலவை. நம் பக்கம் பல காலமாகப் பழகிய விகிதம் என்பதால் சொல்பவர் மனதறிந்து ஏமாற்றுகிறார் என்றும் இல்லை. ஆனால் அது எம்15 தரம், தளத்துக்குப் போதாது. மூட்டை 380 ரூபாய் என்று வைத்தால் 23 மூட்டைக்கு 8,740 ரூபாய்தான் வித்தியாசம். ஒரு வீட்டுக்குச் செலவழிக்கிற லட்சங்களில் இந்த ஒன்பதாயிரம் எந்த மூலைக்கு? எஸ்டிமேட் கூடுதலாக இருந்தால் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால்தான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் காணாமல் போன ஒரு அங்குலத்தையும் கணக்குப் போட்டேன். 960 சதுர அடியில் ஒரு அங்குலம் 80 கன அடி. 18 மூட்டை சிமெண்ட்.

கம்பிக்கு எடையை மட்டும் கேட்டால் போதாது, எண்ணிக்கையையும் கேளுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளக் கம்பி 8 எம்எம் என்றால் சுமார் 4.7 கிலோ, 10 எம்எம் 7.4 கிலோ. இறங்கியதை எண்ணிப் பெருக்கினால் எடைச்சீட்டு சரியா என்று தெரிந்துவிடும். எத்தனை கம்பி வேண்டும் என்பதை மட்டும் இன்ஜினியர் வரைபடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதில் குத்துமதிப்பு கூடாது.

லோடு வந்ததும் டிப்பர் கொட்டுவதற்கு முன் யாரையாவது மேலே ஏறி அளக்கச் சொல்லுங்கள். 14 அடி நீளம், 7 அடி அகலம், பரப்பிவிட்டால் 2 அடி உயரம் என்றால் 196 கன அடி, கிட்டத்தட்ட இரண்டு யூனிட். ஈர மணல் உப்பிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு அதிகமாகத் தெரிந்தாலும் உள்ளே மணல் குறைவு. மழைக்குப் பிறகு வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அங்கே 1.54 கிடையாது. வருவது கலந்த கான்கிரீட், 13 கன மீட்டருக்குச் சேதாரம் சேர்த்துப் பதிமூன்றரை சொன்னால் போதும். பழக்கத்தில் பெருக்கி 20 என்று சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கொட்ட இடம் தேட வேண்டியிருக்கும். பம்பில் இறங்கவில்லை என்று லாரி டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் விடாதீர்கள்.

எஸ்டிமேட் எப்போது எழுதியது என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முந்திய தாளை வைத்துக்கொண்டு பேசினால் விலையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

தளம் போடும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் மாடியில் நிற்க வேண்டும். மூன்று வேலை போதும். கான்கிரீட் கொட்டுமுன் கம்பிக்கடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மிக்சரில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும், அந்த 30-க்குள் மணலில் இருக்கிற ஈரமும் அடக்கம். ஈரம் காயுமுன் பத்துப் பதினைந்து இடத்தில் எட்டு எம்எம் கம்பித் துண்டைச் செருகி, நனைந்த உயரத்தை டேப்பில் பிடிக்க வேண்டும். ஐந்து அங்குலம் இல்லாத இடத்தில் அப்போதே இன்னும் நாலு சட்டி கொட்டச் சொல்லலாம். மறுநாள் சொல்லிப் பயனில்லை. சாயங்காலம் காலிச் சாக்குகளை அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். 105 இருக்க வேண்டும். மறுநாள் காலையிலிருந்து தளத்தின் மேல் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் தேக்கி வையுங்கள்.

சித்தப்பா மகன் தளம் போட்டபோது அவன் மனைவிதான் இதையெல்லாம் செய்தது. வீடியோ காலில் கம்பித் துண்டை எனக்குக் காட்டிக்கொண்டே போனது. வடகிழக்கு மூலையில் நாலரை. மேஸ்திரியிடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கலவை போட்டுச் சமன் செய்துவிட்டார்.

மாப்பிள்ளை, பீம் வரைபடத்தை மட்டும் அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதி அனுப்பிவிடுகிறேன். மற்ற இரண்டு பேரும் அறைகளின் நீள அகலத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
வடக்குத் தெருவிலிருந்து சிங்கப்பூர் வந்தவன்