கோயிலுக்குள்ள போன் கூடாதுங்கிறது நல்லதா, தொந்தரவா?

கீழமாசிக்காரன்:
போன வெள்ளிக்கிழமை குடும்பத்தோட மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். செருப்பை ஒரு பக்கம், போனை ஒரு பக்கம் கொடுத்துட்டு டோக்கனைச் சட்டைப்பையில போட்டாச்சு. முதல் பத்து நிமிஷம் கை தன்னால பாக்கெட்டுக்குப் போய்ப் போய் வந்துச்சு. முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட சின்னவ, "ஏம்ப்பா இவருக்கு இந்தப் பேரு?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. தேடிப் பார்க்கவும் வழியில்ல. தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான் கூப்பிட்டுச் சொன்னாங்க: ஒரு குறுணி ஆறு படி, மூணு குறுணின்னா 18 படி, விநாயகர் சதுர்த்திக்கு அத்தனை அரிசியிலயும் ஒரே கொழுக்கட்டையாப் பண்ணி இவருக்குப் படைப்பாங்களாம். அப்புறம் கால் மணி நேரம் பாட்டி கதைதான். பெரியவன் எட்டாவது படிக்கிறான். வீட்டுல எதைக் கேட்டாலும் 'ம்' தவிர வாய் திறக்காதவன், அவனும் குத்தவெச்சுக் கேட்டான். தடை நூத்துக்கு நூறு சரி.

படித்துறை:
தம்பி, பாட்டி கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தடை உங்கள் மனம் அலையாமல் இருப்பதற்காக வந்ததல்ல. 2018 பிப்ரவரியில் மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. அடுத்த மாதமே பாதுகாப்பைச் சொல்லி அங்கே போனை நிறுத்தினார்கள். எல்லாக் கோயில்களுக்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது 2022 டிசம்பரில், திருச்செந்தூர் அர்ச்சகர் ஒருவர் போட்ட வழக்கில். அந்த வழக்கில் முக்கியப் பேச்சு கோயிலின் புனிதத்தைப் பற்றி.

திருவிழாக் கூட்டம் ஒன்றில், எந்தக் கோயில் என்பது வேண்டாம், 76 வயது அப்பாவைத் தவறவிட்டேன். போன் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லச் சொல்லிக் கெஞ்சி, கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு நானும் சாமியை விடாமல் நினைத்தேன், வேறு விதமாக.

கீழமாசிக்காரன்:
ஐயா, கேக்கவே பகீர்னு இருக்கு. ஆனா போன் வர்றதுக்கு முன்னாடி எங்கப்பா, "தொலைஞ்சா கொடிமரத்துக்கிட்ட வந்து நில்லுங்க"ன்னு வாசல்லயே சொல்லித்தான் உள்ள கூட்டிட்டுப் போவார். அந்தப் பழக்கம் நமக்கு விட்டுப்போச்சு.

உப்பளத்துக்காரி:
கொடிமரம் வரைக்கும் நடக்க முடிஞ்சவங்களுக்கு அது சரி. எங்கம்மா ரெண்டு வருஷமா படுக்கை. எங்க ஊர்த் தேரோட்டத்தை வீடியோ கால்ல காட்டினேன். "எனக்கும் சேத்து வடத்தைத் தொட்டுக் கும்புட்டுக்கோடி"ன்னாங்க. ஒரு கையில வடம், ஒரு கையில போன். அன்னைக்கு நான் அங்க இல்லன்னு சொல்வீங்களா? தேர் ஓடுறது தெருவுல, அதனால தப்பிச்சேன். கருவறையைப் படம் எடுக்க முன்னாடியும் விட்டதில்ல. அதுக்காக வாசல்லயே பிடுங்கணுமா?

கீழமாசிக்காரன்:
அக்கா, உங்கம்மா விஷயத்துல எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்ல. ஆனா கூட்டத்துல பாதிப்பேர் என்னை மாதிரி ஆளுங்க. எங்ககிட்ட இருந்து பிடுங்கித்தான் ஆகணும், நாங்களா வைக்க மாட்டோம். வீட்டுல சாப்பிடுறப்போ போன் வேணாம்னு சட்டம் போட்டதும் நான்தான், மூணாவது நாள் மீறினதும் நான்தான். அதுவும் என்ன அவசரம்? கிரிக்கெட் ஸ்கோர்.

படித்துறை:
அப்படியானால் காய்ச்சல் உங்களுக்கு. கஷாயத்தை ஏன் ஊருக்கே ஊற்றுகிறீர்கள்? ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். டோக்கனைக் கொடுத்துப் போனைத் திரும்ப வாங்கியதும் என்ன செய்தீர்கள்?

கீழமாசிக்காரன்:
(நேத்தே பதில் போட்டிருக்கணும். கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.) சித்திரை வீதியிலயே நின்னு 63 மெசேஜ் பார்த்தேன். வீட்டம்மா அவங்க போன்ல. பெரியவன் எட்டி எட்டிப் பார்த்துட்டு இருந்தான். சின்னவ சட்டையைப் பிடிச்சு இழுத்து, "18 படின்னா எத்தனை கிலோப்பா?"ன்னு கேட்டா. "இரு"ன்னேன்.

உப்பளத்துக்காரி:
அப்புறம் சொன்னீங்களா, இல்லையா?

கீழமாசிக்காரன்:
இல்லக்கா. ஆட்டோவுலயே தூங்கிருச்சு.